முத்திரை சொல்லாத செய்தி
வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களும் கலைரசனையின் மௌனமும்

ஆங்கிலேயரின் பழைய வெள்ளிப் பாத்திரங்களைப் பற்றி எழுதுவோர் பெருமையோடு எடுத்துக்கூறும் செய்தி ஒன்றுண்டு. ஒரு தேநீர்க் கெண்டியையோ சீனிக் கிண்ணத்தையோ கவிழ்த்து, அதன் அடிப்பாகத்தை உருப்பெருக்கியின் துணைகொண்டு நோக்கினால், அப்பொருளின் பிறப்புச் சான்றிதழையே அங்கு படித்துவிடலாம் என்பதே அச்செய்தி. இக்கூற்றில் மிகை எதுவுமில்லை. சிறுத்தைத் தலை பொறிக்கப்பட்டிருப்பின் அது இலண்டனில் தரம் பார்க்கப்பட்டது, நங்கூரமாயின் பேர்மிங்ஹாமில். நடக்கும் சிங்கத்தின் உருவம், ஆயிரம் பங்கில் 925 பங்கு தூய வெள்ளி என்பதற்கு உத்தரவாதம். ஓர் எழுத்து ஆண்டைக் குறிக்கும். இரண்டு மூன்று எழுத்துகள் செய்தவனைக் குறிக்கும். 1784 முதல் 1890 வரையான காலத்துப் பாத்திரங்களில் ஆட்சியாளரின் தலையுருவும் காணப்படும். அது அரசுக்குரிய வரி செலுத்தப்பட்டதற்கான அடையாளம். இம்முத்திரைகள் இலண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்திற் பொறிக்கப்பட்டமையாலேயே ‘ஹோல்மார்க்’ என்ற பெயரும் ஏற்பட்டது. 1300ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கிய இம்முறைமை, 1363இல் செய்தோன் முத்திரையையும், 1478இல் ஆண்டெழுத்தையும், 1544இல் சிங்கத்தையும் சேர்த்துக்கொண்டு, உலகின் மிகப் பழைய நுகர்வோர் பாதுகாப்பு ஏற்பாடுகளுள் ஒன்றாக இன்றும் நிலைத்து நிற்கின்றது.

உலோகத்தின் தூய்மையில் இவ்வளவு கண்டிப்புக் காட்டிய ஒரு சமுதாயம், அவ்வுலோகக் கிண்ணத்தில் இடப்பட்ட சீனியின் தூய்மை குறித்து என்ன கேட்டது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். செய்தவன் பெயர், செய்த ஊர், செய்த ஆண்டு, உலோகத்தின் தரம், செலுத்திய வரி ஆகிய ஐந்துக்கும் விடை கூறும் முத்திரை, ஆறாவது வினாவொன்றுக்கு விடை கூறுவதில்லை. அப்பாத்திரத்தை நிரப்பியவன் யார் என்பதே அவ்வினா. முத்திரை மௌனமாயிருப்பதிற் குற்றமில்லை. அது அதன் வேலையன்று. ஆனால், முத்திரையைப் படித்துவிட்டால் பாத்திரத்தையே படித்துவிட்டதாகக் கருதும் கலைரசனை மரபொன்று உண்டே, அது குற்றமற்றதன்று. ஏலப் பட்டியல்களைப் புரட்டிப் பாருங்கள். எடை எத்தனை அவுன்ஸ், செய்தவர் யார், கைப்பிடி மரமா தந்தமா, யாருடைய குலச்சின்னம் பொறிக்கப்பட்டுள்ளது, எந்தப் பிரபுவின் மாளிகையிலிருந்து வந்தது என்பன யாவும் அங்குண்டு. கரும்பு என்ற சொல்லை மாத்திரம் அங்கே பொதுவாகக் காண்பதில்லை.

இம்மரபினர் தம் நிலைப்பாட்டுக்கு ஆதாரமாக முன்வைக்கும் வாதங்கள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, கலைப் பொருளின் அழகு அதன் வடிவிலேயே உள்ளது. அது எதற்குப் பயன்பட்டது என்பது புறச்செய்தி என்பது. கலை கலைக்காகவே என்ற பழைய கோஷத்தின் வெள்ளிப் பதிப்பு இது. இதற்கு மறுப்புரைக்க வெளியே செல்ல வேண்டியதில்லை; வெள்ளிப் பாத்திரங்களே போதுமானவை. இங்கிலாந்திற் செய்யப்பட்டு இன்று எஞ்சியுள்ள வெள்ளித் தேநீர்க் கெண்டிகளுள் மிகப் பழையது 1670ஆம் ஆண்டுக்குரியது. பேர்க்லி பிரபு கிழக்கிந்தியக் கம்பனியின் குழுவுக்கு அன்பளிப்புச் செய்த அக்கெண்டி இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் உள்ளது. உயரமாய், மேல்நோக்கிக் கூம்பிச் செல்லும் வடிவினதான அதனைப் பார்க்கும் எவரும் கோப்பிப் பாத்திரம் என்றே கூறுவர். அது தேநீருக்கென அளிக்கப்பட்டது என்பதை அதன்மீது பொறிக்கப்பட்டுள்ள வாசகமே நமக்கு அறிவிக்கின்றது. வடிவம் மட்டுமே போதும் என்பவர்கள், தமது துறையின் முதற்பொருளையே வாசகத்தின் துணையின்றி இனங்காண முடியாதவர்களாய் நிற்கிறார்கள் என்பது மனங்கொளத்தக்கது.

மேலும், தேநீர் மேசையின் பாத்திரங்கள் ஒவ்வொன்றும் தத்தம் வடிவைப் பெற்றது அவை தாங்கிய பொருளினாலேயே. சீனி அக்காலத்தில் இன்றுபோல் மணியாக வரவில்லை. கூம்பு வடிவான பெருங்கட்டியாக வந்தது. அதனை உடைக்க இரும்பு வெட்டுக்குறடு வேண்டியிருந்தது. உடைத்த துண்டை எடுக்க வெள்ளி இடுக்கி வேண்டியிருந்தது. தேயிலைப் பேழைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கெடி’ என்ற பெயர், ‘காத்தி’ என்ற மலாய் நிறையலகிலிருந்து பிறந்தது. அப்பேழைகள் பலவற்றுக்குப் பூட்டும் திறப்பும் இருந்தன. தேயிலையின் விலை மிகையாயிருந்தமையால் வீட்டு எசமானி திறப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். யாருக்கு எதிராக அந்தப் பூட்டு? கள்வர் வந்தால் பேழையோடு தூக்கிச் செல்வரேயன்றிப் பூட்டைத் திறந்துகொண்டிருக்கமாட்டார். நாள்தோறும் அம்மேசையைத் துடைத்த வேலைக்காரிக்கு எதிராகவே அந்தப் பூட்டு. தேயிலைமீதான வரி 119 வீதத்திலிருந்து 12.5 வீதமாக 1784இற் குறைக்கப்பட்டது. ஆக, ஓர் அழகிய பூட்டின் விளக்கத்துக்கே வரிச்சட்டமும் வர்க்க உறவும் தேவைப்படுகின்றன. அப்படியிருக்க, சீனிக் கிண்ணத்தின் விளக்கத்துக்கு மாத்திரம் கரும்புத் தோட்டம் புறச்செய்தியாவது எங்ஙனம்?

இனி அந்தப் புறச்செய்தியையே சற்று நோக்குவோம். பார்படோஸ் தீவிற் கரும்புச் செய்கை 1640களிற் பரவியது. ஜமெய்க்காவை ஆங்கிலேயர் 1655இல் ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினர். பிரித்தானியாவில் ஒருவர் ஆண்டொன்றுக்கு நுகர்ந்த சீனி 1700இல் சுமார் 4 இறாத்தலாகவும் 1800இல் சுமார் 18 இறாத்தலாகவும் இருந்தது. வெள்ளிக் கலைநூல்கள் பொற்காலம் எனப் போற்றும் காலம் இந்த நூறாண்டுகளே. இதே வர்த்தகத்தின் முழுக் காலத்தையும் சேர்த்து நோக்கின், பிரித்தானியக் கப்பல்களில் ஆபிரிக்கக் கரையிலிருந்து ஏற்றப்பட்டோர் 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுட் பல இலட்சம் பேர் கரை சேரவேயில்லை. கரை சேர்ந்தோரும் நெடுங்காலம் வாழவில்லை. ஜமெய்க்காவிற் பிறப்பிலும் இறப்பு மிகுந்திருந்தமையாலேயே ஆண்டுதோறும் புதியவர்களை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. கரும்பாலையின் உருளைகளிற் கை அகப்பட்டால் உடலும் இழுபடுவதற்கு முன் கையை வெட்டி விடுவிப்பதற்காக அருகே கோடரி வைக்கப்பட்டிருந்ததைச் சமகாலத்தோர் பதிவு செய்துள்ளனர். அந்த ஆலையிற் காய்ச்சப்பட்ட பழுப்புச் சீனி பிரிஸ்டல், லிவர்பூல், இலண்டன் சுத்திகரிப்பு ஆலைகளில் வெண்மை பெற்றது. வெண்மை பெற்ற சீனி வெள்ளிக் கிண்ணத்தில் ஏறியது. கிண்ணத்தின் அழகைப் பாடுவோர் இத்தொடரின் கடைசிக் கண்ணியை மாத்திரம் கையில் எடுத்துக்கொண்டு, தாம் முழுச் சங்கிலியையும் கண்டுவிட்டதாகக் கருதுகின்றனர்.

இரண்டாவது வாதம், இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதரை அளத்தல் தகாது என்பது. கேட்பதற்கு வரலாற்றுணர்வு மிக்க வாதம்போல் இது தோன்றும். உண்மையில் வரலாற்றறியாமையே இதன் அடித்தளம். அன்றைய அளவுகோல் எது? பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டயர் 1759இல் வெளியிட்ட ‘கந்தீத்’ என்ற நூலிலேயே கரும்புத் தோட்டத்திற் கையையும் காலையும் இழந்த அடிமையொருவனைப் பாத்திரமாக்கி, ஐரோப்பா உண்ணும் சீனியின் விலையை வாசகர் முன் வைத்தார். 1787இல் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற மட்பாண்ட உற்பத்தியாளர் விலங்கிடப்பட்டு மண்டியிட்ட ஆபிரிக்கனின் உருவம் பதித்த வில்லைகளைச் செய்து பரப்பினார். 1791இல் வில்லியம் ஃபொக்ஸ் மேற்கிந்தியச் சீனியையும் றம் மதுவையும் தவிர்க்குமாறு நாட்டு மக்களை வேண்டிச் சிறுநூல் வெளியிட்டார். அவ்வேண்டுகோளையடுத்துச் சீனியைக் கைவிட்டோர் சுமார் மூன்று இலட்சம் பேர் எனத் தோமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். மறு ஆண்டே கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்றே, மூன்றாம் ஜோர்ஜ் மன்னரும் அவர் குடும்பத்தினரும் சீனியில்லாத் தேநீர் அருந்துவதாகச் சித்திரம் வரைந்து நகைத்தார். நகைப்பதற்குக்கூட விடயம் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டுமன்றோ?

1820களில் எலிசபெத் ஹெய்ரிக் போன்ற பெண்கள் வீடு வீடாகச் சென்று சீனி மறுப்பைப் பரப்பினர். அக்காலத்தில், அடிமைகளால் ஆக்கப்படாத கிழக்கிந்தியச் சீனி இது என்ற வாசகம் பொறித்த சீனிக் கிண்ணங்கள் சந்தைக்கு வந்தன. ஆறு குடும்பங்கள் இவ்வாறு மாறினால் அடிமை ஒருவரின் தேவை குறையும் என்ற கணக்கும் சிலவற்றில் எழுதப்பட்டது. இக்கிண்ணங்கள் பெரும்பாலும் மண்ணாலும் நீலக் கண்ணாடியாலும் ஆனவை. கிழக்கிந்தியச் சீனி முற்றிலும் குற்றமற்றது என்பதன்று இதன் பொருள். கம்பனி ஆட்சியிலிருந்த இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவு 1843 வரை நீடித்தது. எனினும், சீனிக் கிண்ணமொன்று தன் சீனி வந்த வழியைத் தானே கூறலாம் என்பதை அந்த மலிவுக் கிண்ணங்கள் நிறுவிவிட்டன. மண் பேசிய காலத்தில் வெள்ளி பேசாதிருந்தது. ஆகவே அன்றைய அளவுகோல் என்று ஒன்றல்ல, இரண்டு இருந்தன. கலைரசனையாளர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதற்குக் ‘காலம்’ என்று பெயரிடுகிறார். அது காலத்தின் அளவுகோலன்று. சீனியால் வாழ்ந்தோரின் அளவுகோல்.

மூன்றாவது வாதம் சற்று நேர்மையானது. வெள்ளிக் கொல்லன் அடிமைகளை வைத்திருக்கவில்லையே, அவன் கலையின்மீது ஏன் பழி சுமத்த வேண்டும் என்பது. கொல்லன்மீது பழி சுமத்துவது எம் நோக்கமன்று. அக்கலைஞர்களுட் பலர் தாமே அல்லற்பட்டவர்கள். பிரான்சில் 1685இல் நாந்து சாசனம் இரத்துச் செய்யப்பட்டபின் உயிருக்கும் மதத்துக்கும் அஞ்சி ஓடிவந்த ஹியூகனோ அகதிகளே ஆங்கில வெள்ளிக் கலைக்குப் புத்துயிர் அளித்தனர். புகழ்பெற்ற போல் டி லமெறியும் அத்தகைய குடும்பத்திற் பிறந்தவரே. ஹெஸ்டர் பேட்மன் கணவரை இழந்தபின் 1761இல் தன் பெயரில் முத்திரை பதிவுசெய்து, பட்டறையை நடத்தி, பெண்ணொருத்தியின் பெயரை அத்தொழிலின் வரலாற்றில் நிலைநிறுத்தியவர். இவர்களின் உழைப்பை மதியாதவன் உழைப்பையே மதியாதவன். ஆனால் தொழில் முழுவதும் அத்தீமையிலிருந்து விலகி நின்றது என்று கூறுதற்கும் இடமில்லை. 1756இல் வெஸ்ற்மின்ஸ்ரர் பகுதியைச் சேர்ந்த மத்தியூ டயர் என்ற பொற்கொல்லர், கறுப்பர்க்கும் நாய்களுக்கும் ஏற்ற வெள்ளிப் பூட்டுகளும் கழுத்துப் பட்டிகளும் தம்மிடம் செய்துதரப்படும் எனப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். கரும்புத் தோட்டம் கடலுக்கப்பால் இருந்தது, கொல்லனுக்கு அது தெரியாது என்பாருக்கு இவ்விளம்பரம் ஒன்றே விடை. சீனிக் கிண்ணத்தை வனைந்த அதே நகரத்தின் அதே தொழில், கழுத்துப் பட்டியையும் வனைந்தது. இரண்டுக்கும் வேண்டிய கைத்திறன் ஒன்றே.

கொல்லனிலும் முக்கியமானவன் வாங்கியவன். ஃபொன்ட்ஹில் மாளிகையைக் கட்டிய வில்லியம் பெக்ஃபேட்டைக் கலைப்பொருட் சேகரிப்பாளர்களின் முடிமணி என்பர். அவர் கேட்டுச் செய்வித்த வெள்ளிப் பொருள்கள் இன்றும் போற்றப்படுகின்றன. அந்த இரசனைக்கான பணம் ஜமெய்க்காவிலிருந்த குடும்பத் தோட்டங்களிலிருந்து வந்தது. அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியபோது பிரித்தானிய அரசு 2 கோடி பவுண் நட்டஈடு வழங்கியது. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 வீதமான அத்தொகை அடிமைகளுக்கு வழங்கப்படவில்லை. அடிமைகளை உடைமையாக வைத்திருந்தோருக்கே வழங்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களோ 1838 வரை ‘பயிலுநர்’ என்ற பெயரில் அதே எசமானர்களுக்கு ஊதியமின்றி உழைக்க வேண்டியிருந்தது. அந்த நட்டஈட்டுக்காகப் பெறப்பட்ட கடனின் எச்சம் 2015இலேயே தீர்க்கப்பட்டது. கடன் 2015இல் தீர்ந்ததெனில், விடயம் பழங்கதையாகிவிட்டது என்று கூறுவோர் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கூறுகிறார்கள்?

நான்காவது வாதம் அச்சுறுத்தும் தன்மையது. இப்படிப் பார்க்கத் தொடங்கினால் உலகில் எப்பொருளும் மிஞ்சாது. எல்லாவற்றையும் உருக்கிவிட வேண்டியதுதான் என்பது. உருக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. உருக்குதல் உண்மையில் மேட்டுக்குடியினரின் வழக்கம். நாகரிகம் மாறியபோதெல்லாம் பாட்டன் காலத்து வெள்ளியை உருக்கிப் புதுப் பாத்திரம் செய்துகொண்டோர் அவர்களே. அதனாலேயே எந்தவொரு கெண்டியின் வெள்ளியும் எந்தச் சுரங்கத்திற் பிறந்தது என்று இன்று பிரித்தறிய முடியாதிருக்கிறது. 1545இற் கண்டறியப்பட்ட பொத்தோசி மலையில் அமெரிக்கப் பழங்குடியினர் கட்டாய உழைப்பின்கீழ்த் தோண்டிய வெள்ளி, நாணயமாக ஐரோப்பாவுக்கு வந்து, அங்கிருந்து தேயிலைக்கு விலையாகச் சீனாவுக்குச் சென்றது. வெள்ளி வெளியேறுவதைச் சகியாத கம்பனி வங்காளத்திலும் பீகாரிலும் அபினி விளைவித்தது. அதனை வணிகர்கள் சீனத்துட் கடத்தினர். தடுத்த சீனத்தின்மீது 1839இற் போர் தொடங்கியது. 1842இல் நாங்கிங் உடன்படிக்கையின்படி சீனா 2 கோடியே 10 இலட்சம் வெள்ளி டொலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. தேநீருக்காகச் சென்ற வெள்ளி துப்பாக்கி முனையில் மீட்கப்பட்ட கதை இது. உருக்கினால் இந்தச் சான்றுகளே அழியும். எமது கோரிக்கை உருக்குதலன்று, படித்தல். பாத்திரம் இருக்கட்டும், அதன் அருகேயுள்ள விளக்க அட்டை முழுமை பெறட்டும்.

இது ஆகாத காரியமுமன்று. நட்டஈட்டுப் பதிவேடுகள் இன்று ஆராய்ச்சியாளர் முன் திறந்திருக்கின்றன. சுமார் 46,000 கோரிக்கைகள் அவற்றில் உள்ளன. வெள்ளிப் பாத்திரங்களிலோ உரிமையாளரின் குலச்சின்னம் பொறிக்கப்பட்டிருக்கின்றது. சின்னத்தைக் கொண்டு குடும்பத்தையும், குடும்பத்தைக் கொண்டு பதிவேட்டையும் ஒப்புநோக்குவது பட்டதாரி மாணவன் ஒருவனின் ஆய்வேட்டுக்குரிய எளிய பணி. பிரித்தானியாவின் தேசிய நம்பிக்கை நிதியம் 2020இல், தன் பராமரிப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்றவாதத்துடனும் அடிமைமுறையுடனும் இருந்த தொடர்பை அறிக்கையாக வெளியிட்டபோது எழுந்த சினத்தை நாம் அறிவோம். ஓர் அறிக்கை, எவருடைய கெண்டியையும் பறிக்காத ஓர் அறிக்கை, இத்துணைச் சினத்தை மூட்டிற்றெனில், மௌனம் எவ்வளவு பெறுமதி மிக்க உடைமை என்பது தெளிவு.

இத்தனையும் கூறியபின், எம்மவரிடம் வழங்கும் தவறொன்றையும் சுட்டாது விடுதல் நேர்மையன்று. ஆங்கிலேயரின் வெள்ளிக் கெண்டியைக் கண்டவுடன், இதில் எமது மலையகத் தொழிலாளரின் குருதி ஓடியது என்று முழங்குவோர் நம்மிடையே உளர். உணர்ச்சி சரியானதே, ஆண்டு பிழையானது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். கோப்பியை இலைநோய் அழித்தபின்னரே தேயிலை இந்நாட்டிற் பரவியது. 1750ஆம் ஆண்டு இலண்டன் கெண்டி தாங்கியது சீனத் தேயிலையையே. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலத்து விக்டோரியாக் கெண்டியைக் குறித்தே நாம் அவ்வாறு பேச முடியும். 1840இல் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்கு உரிமம் பெற்றபின் வெள்ளிப் பூச்சுப் பாத்திரங்கள் நடுத்தர வர்க்கத்தின் மேசைக்கும் வந்தன. அம்மேசையில் ஊற்றப்பட்ட தேநீரிலேயே அசாமும் இலங்கையும் இடம்பெற்றன.

ஆயினும் எம்மவர் தேடும் தொடர்பு அங்கு இல்லாமலில்லை. அது அவர்கள் தேடும் பாத்திரத்தில் இல்லை. பக்கத்துப் பாத்திரத்தில் இருக்கிறது. கெண்டிக்குள் எம்மவர் உழைப்பு வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அது சீனிக் கிண்ணத்துள் வந்துவிட்டது. 1834இல் அடிமைமுறை நீங்கியதும் ஒப்பந்தக் கூலிமுறை தோன்றியது. இந்தியத் தொழிலாளர் மொரீசியசின் கரும்புத் தோட்டங்களுக்கு அவ்வாண்டு முதலாகவும், பிரித்தானிய கயானாவுக்கு 1838 முதலாகவும், நேட்டாலுக்கு 1860 முதலாகவும், ஃபிஜிக்கு 1879 முதலாகவும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையான தமிழர் இருந்தனர். ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வருந்திய பெண்களைப் பாரதி பாடியது இதனாலேயே. 1846இல் சீனி வரிகள் சமன்செய்யப்படத் தொடங்கியபோது, கியூபாவினதும் பிரேசிலினதும் அடிமைச் சீனியும் பிரித்தானியச் சந்தைக்கு வழி பெற்றது. ஆகவே, 1834உடன் கிண்ணம் தூய்மை பெற்றுவிட்டது என்று கூறும் ஆங்கிலேயரும் தவறுகின்றனர். 1867க்கு முன் எமக்கும் அம்மேசைக்கும் தொடர்பில்லை என்று கருதும் நம்மவரும் தவறுகின்றனர். ஆண்டெழுத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவனுக்கே இவ்விரு தவறுகளும் புலனாகும். இதன் பொருட்டேனும் நாம் அந்த முத்திரைக் கலையைப் பயில வேண்டும். முதலாளித்துவ ஆடம்பரம் எனத் தள்ளிவிடுவது எளிது; தள்ளப்பட்ட பொருளை எதிரி தன் விருப்பப்படி விளக்குவான்.

இப்பிரச்சினை இலண்டன் நூதனசாலைகளோடு முடிவதன்று. எமது மலைநாட்டிலும் பழைய துரைமார் பங்களாக்கள் உல்லாச விடுதிகளாகியுள்ளன. வெள்ளிக் கெண்டியும் பாற்சாடியும் சீனி இடுக்கியும் வரிசையாய் வைக்கப்பட்டு, கடந்தகாலத்தின் நளினம் என விற்கப்படுகின்றன. அந்த நளினத்துக்குக் கொழுந்து கொய்தவர்கள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர் என்பதையும், அவ்வநீதியின் எச்சத்தைத் தீர்க்க 2003இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது என்பதையும் அத்தேநீர் மேசை கூறுவதில்லை. துரை அருந்திய கோப்பை காட்சிப்பொருளாகிறது. கொழுந்துக்கூடை காட்சிக்கு அலங்காரமாகிறது. கூடையைச் சுமந்தவளின் பிரசாவுரிமை எங்கும் பேசப்படாதிருக்கிறது. வெள்ளிக் கிண்ணத்தின் மௌனத்தை இங்கிலாந்திடமிருந்து நாம் இறக்குமதி செய்துள்ளோம். தீர்வை ஏதுமின்றி அது வந்து சேர்ந்துள்ளது.

எனவே, கலைப்பீட மாணவர்களிடமும் விரிவுரையாளர்களிடமும் நாம் வேண்டுவது இதுவே. ஒரு பொருளைக் கலைப்பொருள் என எம் வகுப்பறைகளில் அறிமுகம் செய்யும்போது நான்கு வினாக்கள் கட்டாயமாதல் வேண்டும். யார் செய்தார்? யார் வாங்கினார்? அது எதனைத் தாங்கிற்று? தாங்கியதை யார் விளைவித்தார்? முதலிரு வினாக்களுக்கும் கலைவரலாறு விடை கூறிப் பழகிவிட்டது. மூன்றாவதைப் போகிற போக்கிற் கூறிவிடுகிறது. நான்காவது வினா எழும்போதே, இது அரசியல் என்று கூறி நூலை மூடிவிடுகிறது. ஆயின், வரி செலுத்தப்பட்டதற்கு அடையாளமாக மன்னனின் தலையையே தன் உடலிற் பொறித்துக்கொண்ட ஒரு பொருளை அரசியலற்றது என்று கூறுவதைக் காட்டிலும் நகைப்புக்கிடமான கூற்று வேறெது?

ஆயிரத்துக்கு 925 பங்கு தூய்மை என்பதைச் சிங்கம் உறுதிப்படுத்துகிறது. எஞ்சிய 75 பங்கு செம்பு. அதனையும் முத்திரை மறைப்பதில்லை. உலோகத்தின் கலப்பை ஒளியாது கூறும் நேர்மை ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கொல்லனிடம் எதிர்பார்க்கப்பட்டு வருகிறது. வரலாற்றின் கலப்பைக் கூறும் அதே நேர்மையைக் கலைவரலாற்றாசிரியரிடம் எதிர்பார்ப்பது எவ்வகையிலும் மிகையாகாது.